தங்கத் தொட்டில்: மதீனாவுக்கு அருகே ஒரு பழைய சுரங்கத்தின் வரலாறு



எமது ஊரில் சவூதிக்குப் போய் உழைக்காத குடும்பம் ஒன்றைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். வாப்பாவோ, மாமாவோ, சாச்சாவோ, ராத்தாவோ, யாராவது ஒருவர் ஜித்தாவிலோ ரியாதிலோ தம்மாமிலோ சில வருடங்களைக் கழித்திருப்பார். அந்த நாட்டின் செல்வம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது எண்ணெய். வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்டாலும் அதே பதில்தான் வரும்.

ஆனால் அங்கே எண்ணெய்க்கு முன்னர் தங்கமும் வெள்ளியும் தேடப்பட்டன. அதுவும் ஒரு தடவை அல்ல. ஒரே மலையை வெவ்வேறு காலத்து மக்கள் வந்து தோண்டியிருக்கிறார்கள், கைவிட்டிருக்கிறார்கள், பிறகு வேறு ஆட்கள் வந்து மீண்டும் தோண்டியிருக்கிறார்கள். அந்த மலையின் பெயர் மஹ்துத் தஹப். அரபியில் 'மஹ்த்' என்றால் தொட்டில், 'தஹப்' என்றால் தங்கம். தங்கத் தொட்டில்.

மதீனாவுக்குத் தென்கிழக்கே, நேர்கோட்டில் ஏறக்குறைய 170 கிலோமீற்றர் தூரத்தில், மக்காவுக்கும் மதீனாவுக்கும் கிழக்குப் பக்கமாக உள்ள வரண்ட மலைப்பகுதி அது. உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் போகிறவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. ஆனால் ஒரு காலத்தில் ஹாஜிமார்களின் ஒட்டக வரிசை அந்தப் பக்கமாகத்தான் போனது. ஈராக்கின் கூஃபாவிலிருந்து மக்காவுக்கு வந்த பழைய ஹஜ் பாதையில் 'மஃதின் பனீ ஸுலைம்' என்று ஒரு தரிப்பிடம் இருந்தது. பனூ ஸுலைம் கோத்திரத்தாரின் சுரங்கம் என்பது அதன் பொருள். அந்த இடமே இன்றைய மஹ்துத் தஹப் என்று ஆய்வாளர்கள் பலர் கூறுகிறார்கள்.

நபியவர்கள் காலத்துச் சுரங்கங்கள்

ஹிஜாஸில் சுரங்கம் என்பது பிற்காலத்தில் வந்த ஒன்றல்ல. நபி (ஸல்) அவர்கள் பிலால் இப்னுல் ஹாரிஸ் அல்முஸனீ (ரழி) என்ற ஸஹாபிக்கு கபலிய்யா பகுதிச் சுரங்கங்களை ஒதுக்கிக் கொடுத்த செய்தி இமாம் மாலிக்கின் முவத்தாவிலும் அபூதாவூதிலும் பதிவாகியுள்ளது. அதானுக்குப் பெயர் பெற்ற பிலால் (ரழி) அவர்கள் வேறு, இவர் வேறு. இவர் முஸைனா கோத்திரத்தவர். கபலிய்யா என்பது மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையிலுள்ள ஃபுர்உ பக்கத்துப் பகுதி. அந்தச் சுரங்கங்களிலிருந்து ஸகாத் தவிர வேறெதுவும் அறவிடப்படவில்லை என்றும் அந்த அறிவிப்பில் வருகிறது.

இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு சம்பவமும் ஹதீஸ் நூல்களில் உண்டு. யமனின் மஃரிப் பகுதியைச் சேர்ந்த அப்யழ் இப்னு ஹம்மால் (ரழி) என்ற ஸஹாபி, தமது பகுதியிலுள்ள உப்பு விளையும் இடத்தைத் தமக்கு ஒதுக்கித் தருமாறு கேட்டார். நபியவர்கள் கொடுத்தார்கள். அவர் போன பிறகு சபையிலிருந்த ஒருவர், அது வற்றாமல் ஊறும் தண்ணீரைப் போன்ற ஒன்று என்று எடுத்துச் சொன்னார். உடனே நபியவர்கள் கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

ஒருவருக்குச் சுரங்கம் கொடுக்கப்பட்டது. இன்னொருவரிடமிருந்து உப்பளம் திரும்பப் பெறப்பட்டது. ஏன்? பிற்கால அறிஞர்கள் இதை விளக்கும்போது கனிப்பொருட்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று, மண்ணுக்கு மேலே யாரும் குனிந்து அள்ளிக்கொள்ளக் கூடியது. உப்பு அப்படிப்பட்டது. அதைத் தனி ஒருவருக்குக் கொடுத்தால் ஊரே அவரிடம் கையேந்த வேண்டும். மற்றது, மண்ணுக்குள் மறைந்து கிடப்பது. தங்கமும் வெள்ளியும் செம்பும் இரும்பும் அந்த வகை. யாராவது உழைத்து, செலவழித்து, உயிரைப் பணயம் வைத்துத் தோண்டினால்தான் அதில் பயன் உண்டு. ஷாபிஈ மத்ஹபின் பெரும் அறிஞரான மாவர்தீ (கி.பி. 1058இல் வபாத்) தமது ஆட்சியியல் நூலில் இந்தப் பிரிவை விரிவாகப் பேசுகிறார். ஆயிரம் வருடங்களுக்கு முன்னர் எழுதப்பட்ட இயற்கை வளக் கொள்கை என்று அதைச் சொல்லலாம்.

ஸகாத் விடயத்திலும் இதே சிந்தனை தெரிகிறது. பழைய காலத்தவர் புதைத்து வைத்த புதையல் கிடைத்தால் ஐந்தில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். ஆனால் சுரங்கத்தில் வெட்டியெடுத்த தங்கம், வெள்ளிக்கு ஷாபிஈ மத்ஹபின்படி நாற்பதில் ஒரு பங்குதான். நிஸாபை அடைந்தால் போதும், ஒரு வருடம் காத்திருக்கத் தேவையில்லை. ஹனபி மத்ஹபில் சுரங்கத்துக்கும் ஐந்தில் ஒன்றுதான். எமது மத்ஹபின் அறிஞர்கள் சொல்லும் காரணம் எளிமையானது: புதையல் பாடுபடாமல் கிடைப்பது, சுரங்கம் வியர்வையால் கிடைப்பது. உழைத்தவனிடம் குறைவாகவும் உழைக்காமல் பெற்றவனிடம் கூடுதலாகவும் எடுப்பதுதான் நீதி.

காணியை விற்றோம், சுரங்கத்தை விற்கவில்லை

இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த இடம் இனித்தான் வருகிறது. ஒன்பதாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பலாதுரீ தமது 'ஃபுதூஹுல் புல்தான்' நூலில் இதைப் பதிவுசெய்துள்ளார்.

மேலே சொன்ன பிலால் இப்னுல் ஹாரிஸ் அவர்களின் பிள்ளைகள், தமக்குச் சொந்தமான நிலம் ஒன்றை உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களுக்கு விற்றார்கள். விற்ற பிறகு அந்த நிலத்தில் கனிமம் வெளிப்பட்டது. பிள்ளைகள் வந்து, நாங்கள் உங்களுக்கு விற்றது பயிர்செய்யும் காணியைத்தான், சுரங்கத்தை அல்ல என்று சொன்னார்கள். நபியவர்கள் தமது தந்தைக்கு எழுதிக்கொடுத்த பத்திரத்தையும் கொண்டுவந்து காட்டினார்கள்.

இன்றைய காணி வழக்கு ஒன்றை நினைத்துப் பாருங்கள். உறுதி எழுதியாயிற்று, பணம் கைமாறியாயிற்று. வாங்கியவர் சாதாரண ஆளுமல்ல, ஆட்சி அதிகாரம் உள்ளவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வந்தவர்கள் திரும்பிப் போயிருப்பார்கள். உமர் (ரஹ்) அந்தப் பத்திரத்தை வாங்கி முத்தமிட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார். பிறகு தமது கணக்காளரை அழைத்து, சுரங்கத்தில் எவ்வளவு எடுக்கப்பட்டது, அதற்கு எவ்வளவு செலவானது என்று பார்க்கச் சொன்னார். செலவைக் கழித்துவிட்டு மிகுதியை அவர்களிடம் கொடுக்குமாறு கட்டளையிட்டார்.

செலவைக் கழிக்க வேண்டும் என்றும் சொன்னார், மிகுதியைக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். இரண்டையும் கவனியுங்கள். உழைப்புக்கும் முதலுக்கும் உரியதை அவர் மறுக்கவில்லை. அதேநேரம் மண்ணுக்கு அடியில் இருந்தது தமக்குச் சொந்தமில்லை என்று தெரிந்ததும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் இல்லை.

உமர் (ரஹ்) ஹிஜ்ரி 101இல் வபாத்தானார்கள். ஹிஜ்ரி 105இல், அதாவது கி.பி. 723-724இல், அச்சிடப்பட்ட உமையாக் காலத் தீனார் ஒன்று இன்றும் உண்டு. அதில், 'ஹிஜாஸிலுள்ள அமீருல் முஃமினீனின் சுரங்கம்' என்ற பொருளில் அரபு வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அரபு நாட்டு இடப்பெயர் ஒன்றைத் தாங்கிய மிகப் பழைய இஸ்லாமிய நாணயங்களில் இதுவும் ஒன்று. 2011இல் லண்டனில் நடந்த ஏலத்தில் இந்த வகை நாணயம் ஒன்று 30 இலட்சம் பவுண்ட்ஸுக்கு மேல் விலைபோனது. அதன் தங்கம் எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்பதில் அறிஞர்கள் ஒருமித்த கருத்தில் இல்லை. பனூ ஸுலைம் சுரங்கம் என்பாரும் உண்டு, கபலிய்யா பக்கம் என்பாரும் உண்டு. எதுவாயினும், ஹிஜாஸின் மண்ணிலிருந்து எடுத்த தங்கம் அரசின் நாணயமாக மக்கள் கைகளுக்குப் போனது என்பதற்கு அது சாட்சி.

அப்பாஸியர் காலமும் அமைதியான மலையும்

மஹ்துத் தஹபில் கிடைத்த பழைய கரித்துண்டுகளின் காலத்தைக் கணித்தபோது, அப்பாஸியர் ஆட்சிக் காலத்தில் அங்கே பெரிய அளவில் வேலை நடந்தமை உறுதியாயிற்று. அக்காலத்துச் சுரங்கத் தொழிலைப் பற்றி அறிய எமக்கு ஒரு அருமையான நூலும் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் யமனில் வாழ்ந்த அல்ஹம்தானீ என்ற அறிஞர், தங்கம், வெள்ளி ஆகிய இரண்டையும் பற்றியே தனி நூல் எழுதினார். பாறையை உடைப்பது, அரைப்பது, கழுவுவது, உருக்குவது, ஈயத்தைச் சேர்த்து வெள்ளியைப் பிரித்தெடுப்பது என்று ஒவ்வொன்றையும் அவர் விளக்குகிறார். யமனின் ரழ்ராழ் என்ற இடத்து வெள்ளிச் சுரங்கத்தைப் பற்றி அவர் எழுதியதை வெறும் கதை என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புவியியலாளர்கள் ஸன்ஆவுக்கு வடகிழக்கே ஜபலீ என்ற இடத்தில் பழைய சுரங்கக் குகைகளையும் உலைக் கழிவுகளையும் கண்டபோது, ஹம்தானீ எழுதியது உண்மை என்று தெரிந்தது. ஆயிரம் வருடத்துக்கு முந்திய புத்தகம் ஒன்று இன்றைய தாது தேடலுக்கு வழிகாட்டியாக இருந்திருக்கிறது.

பிறகு கிலாபத் பலவீனமடைந்தது. ஹஜ் பாதைகளில் கொள்ளை பெருகியது. சுரங்கத்துக்குச் சோறும் விறகும் தண்ணீரும் தூரத்திலிருந்து வரவேண்டும். பாதை மூடினால் சுரங்கமும் மூடும். மலை மீண்டும் ஆடு மேய்ப்பவர்களுக்கு உரியதாயிற்று.

தண்ணீர் தேடப் போனவர் கண்ட தங்கம்

1931ஆம் ஆண்டுக்கு வருவோம். மன்னர் அப்துல் அஸீஸ் அவர்களின் அரசுக்கு அப்போது முக்கிய வருமானம் ஹஜ். உலகப் பொருளாதார மந்தம் காரணமாக ஹாஜிமார்களின் தொகை பாதிக்கும் கீழே விழுந்துவிட்டது. கஜானாவில் ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் சார்ள்ஸ் கிரேன் என்ற அமெரிக்கச் செல்வந்தர் ஜித்தாவுக்கு வந்து மன்னரைச் சந்தித்தார். நாட்டில் நிலத்தடி நீர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு கார்ல் ட்விட்செல் என்ற சுரங்கப் பொறியியலாளரைத் தமது செலவில் அனுப்பிவைத்தார்.

ட்விட்செல் ஹிஜாஸ் முழுக்கச் சுற்றினார். தண்ணீரைப் பொறுத்தவரை அவர் சொன்ன செய்தி மகிழ்ச்சியானதல்ல. ஆனால் 1932இல் மஹ்துத் தஹபுக்குப் போனபோது அவர் கண்டது வேறு. பாறைக் கழிவுகள் குன்றுகளாகக் குவிந்து கிடந்தன. வேலையாட்கள் தங்கிய கல்வீடுகளின் அத்திவாரங்கள், தாதுவை அரைத்த திருகைக் கற்கள், உடைத்த கல் சுத்தியல்கள் எல்லாம் கிடந்தன. ஒரு சுரங்கப் பொறியியலாளருக்கு இதைவிடப் பெரிய அறிவிப்புப் பலகை தேவையில்லை. முன்னோர் இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்றால் அங்கே ஏதோ இருக்கிறது.

அவர் அமெரிக்காவுக்குப் போய் முதலீட்டாளர்களைத் தேடினார். அதே பயணங்களின் தொடர்ச்சியாகத்தான் கலிபோர்னிய எண்ணெய் நிறுவனம் சவூதிக்கு வந்து 1933 மே மாதம் ஒப்பந்தம் செய்தது. அந்தப் பேச்சுவார்த்தையிலும் ட்விட்செல் இருந்தார். தங்கத்துக்கான ஒப்பந்தம் 1934இல் கைச்சாத்தாகி, அமெரிக்க, பிரித்தானிய முதலீட்டில் சவூதி அரேபியச் சுரங்கக் கூட்டு நிறுவனம் உருவானது. தம்மாமில் 1938இல் எண்ணெய் பீறிட்டது. மஹ்துத் தஹபில் 1939இல் தங்க உற்பத்தி தொடங்கியது.

இங்கே சுவாரசியமான விடயம் ஒன்று உண்டு. புதிய நிறுவனம் புதுப் பாறையை மட்டும் வெட்டவில்லை. பழைய ஆட்கள் கொட்டிய கழிவையும் அள்ளி அரைத்தது. பழையவர்களால் கண்ணுக்குத் தெரியும் தங்கத்தைத்தான் பெரும்பாலும் பிரித்தெடுக்க முடிந்தது. தூளிலும் தூளாக இருந்தது கழிவோடு போய்விட்டது. 1887இல் கண்டுபிடிக்கப்பட்ட சயனைட் முறை அந்த நுண்ணிய தங்கத்தையும் கரைத்தெடுத்தது. அப்பாஸியர் காலத்துக் குப்பை, இருபதாம் நூற்றாண்டின் தாதுவாயிற்று.

1954இல் நல்ல தாது தீர்ந்துவிட்டது என்று சுரங்கம் மூடப்பட்டபோது, சுமார் 7 இலட்சத்து 65 ஆயிரம் அவுன்ஸ் தங்கமும் 10 இலட்சம் அவுன்ஸ் வெள்ளியும் எடுக்கப்பட்டிருந்தன. எமது கணக்கில் சொன்னால் அந்தத் தங்கம் ஏறக்குறைய 30 இலட்சம் பவுணின் எடை.

தீர்ந்துபோன மலையில் மீண்டும் தேடல்

1970களில் அமெரிக்கப் புவியியல் அளவை நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சவூதி அரசுக்காக அந்த மலையை மறுபடி ஆராய்ந்தார்கள். எங்கே தோண்டலாம் என்று அவர்கள் உடனே பார்க்கவில்லை. முதலில் மலையின் ஒவ்வொரு பாறை வகையையும் வரைபடத்தில் குறித்தார்கள். குவார்ட்ஸ் எனப்படும் வெள்ளைக் கல் நரம்புகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பார்த்தார்கள். பாறை மாதிரிகளை இரசாயனப் பரிசோதனை செய்தார்கள். கடைசியில் துளையிட்டு, நீண்ட உருளைகளாகப் பாறையை வெளியே எடுத்துப் பார்த்தார்கள். பழைய சுரங்கத்துக்குச் சில நூறு மீற்றர் தெற்கே, முன்னையவர்கள் பெரிதாகக் கவனிக்காத பகுதியில் புதிய தாது வலயம் ஒன்று தெரியவந்தது. 1988இல் அங்கே நிலத்தடிச் சுரங்கம் தொடங்கப்பட்டது. 1997இல் உருவாக்கப்பட்ட மஆதின் என்ற அரச நிறுவனம் பிறகு அதைப் பொறுப்பேற்றது.

இந்த ஆய்வின்போதுதான், மஹ்துத் தஹப் என்பது பைபிளில் வரும் ஓஃபிர் என்ற தங்க நாடாக, ஸுலைமான் (அலை) காலத்துச் சுரங்கமாக இருக்கலாம் என்ற கருத்து 1976இல் வெளியிடப்பட்டது. வட்ஸ்அப்பில் 'ஸுலைமான் நபியின் தங்கச் சுரங்கம் கண்டுபிடிப்பு' என்று வருபவற்றுக்கு இந்தக் கருத்து ஒரு மூலம். அது ஓர் ஊகம் மட்டுமே. ஓஃபிரை ஆபிரிக்காவிலும் இந்தியாவிலும் தேடியவர்களும் உண்டு. குர்ஆன் ஸுலைமான் (அலை) அவர்களுக்கு உருகிய செம்பு வசப்படுத்தப்பட்டதைச் சொல்கிறது. எந்த மலையிலும் தங்கச் சுரங்கம் இருந்ததாகச் சொல்லவில்லை. ஆதாரம் இல்லாததை நபிமார்களின் பெயரில் பரப்புவது வரலாறும் அல்ல, மார்க்கமும் அல்ல.

இன்னொன்று. ஒரு தொன் பாறையில் 20 கிராம் தங்கம் இருந்தாலே அது மிகச் செழிப்பான தாது. ஒரு தொன் கல்லை உடைத்து, அரைத்து, கரைத்தால் இரண்டரைப் பவுண். அதற்குத் தண்ணீர் வேண்டும். 2016இல் சவூதியில் திறக்கப்பட்ட துவைஹீ தங்கச் சுரங்கத்துக்கு, தாயிஃப் நகரின் கழிவுநீரைச் சுத்திகரித்து 400 கிலோமீற்றருக்கு மேல் குழாய் வழியாகக் கொண்டுபோகிறார்கள். தண்ணீர் தேடிப்போய்த் தங்கத்தைக் கண்ட நாட்டில், இன்று தங்கத்துக்காகத் தண்ணீரைத் தேட வேண்டியிருக்கிறது.

எமக்கு இதில் என்ன?

எமது நாட்டில் புதையல் தோண்டப் போய்க் கைதானவர்கள் பற்றிய செய்தி அடிக்கடி வருகிறது. நள்ளிரவில் பழைய கட்டடத்தின் அடியில் பெக்கோ இயந்திரம், கூடவே மந்திரம் ஓத ஒருவர். அதில் எமது பெயர்களும் வருவது வெட்கம். தங்கம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வது பாறையும் ஆய்வும் கடின உழைப்பும்தான். தாயத்தும் கனவும் அல்ல. பழைய இடங்களை அனுமதியின்றித் தோண்டுவது இந்த நாட்டின் சட்டப்படி குற்றம். தோண்டியவர் கையில் ஒன்றும் கிடைப்பதில்லை. ஆனால் எல்லோருக்கும் பொதுவான வரலாறு ஒன்று நிரந்தரமாக உடைந்துபோகிறது. மஹ்துத் தஹபில் அந்தத் திருகைக் கற்களை யாராவது புதையல் என்று கிளறி எறிந்திருந்தால் இந்தக் கட்டுரையில் பாதியை எழுத முடியாது.

அடுத்தது பங்கு. இரத்தினபுரிப் பக்கத்து இரத்தினக்கல் குழிகளில் காணிக்காரருக்கு ஒரு பங்கு, அனுமதிப்பத்திரக்காரருக்கு ஒரு பங்கு, நீரிறைக்கும் இயந்திரக்காரருக்கு ஒரு பங்கு, குழிக்குள் இறங்கியவர்களுக்கு ஒரு பங்கு என்று பிரிக்கும் வழக்கம் உண்டு. எமது வியாபாரிகள் பலர் அந்தத் தொழிலோடு பல தலைமுறையாகத் தொடர்புடையவர்கள். கல் மேலே வந்த பிறகு உண்மை விலையைச் சொல்கிறோமா, குழிக்குள் இறங்கியவனுக்கு உரியது முழுமையாகப் போகிறதா என்ற கேள்வி வரும்போது, உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) தமது கணக்காளரிடம் சொன்னது நினைவுக்கு வரட்டும். அவரிடம் அதிகாரம் இருந்தது, பத்திரம் இருந்தது, சுரங்கமும் கையில் இருந்தது. இருந்தும் கணக்கைப் பார்த்துக் கொடுத்தார்.

அலுமாரியில் பூட்டி வைத்திருக்கும் பவுணுக்கும் இது பொருந்தும். நிஸாபை அடைந்த சேமிப்புத் தங்கத்தில் நாற்பதில் ஒரு பங்கு எம்முடையது அல்ல. ஏழை ஒருவருடைய பங்கு எமது வீட்டில் இருக்கிறது. அணியும் நகை விடயத்தில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு, உங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனையோ பேர் அந்த மலையைத் தோண்டினார்கள். பனூ ஸுலைமும் இல்லை, அப்பாஸியரும் இல்லை, 1939இல் உற்பத்தி தொடங்கிய கொம்பனியும் இல்லை. எடுத்த தங்கம் எங்கெங்கோ போய்விட்டது. செலவைக் கழித்து மிகுதியைக் கொடுத்த மனிதரின் பெயர் மட்டும் ஆயிரத்து முந்நூறு வருடமாக நிற்கிறது.

எமது ஊரவர்களில் யாராவது மஹ்துத் தஹப் பக்கம் வேலை செய்திருந்தால், சாரதியாகவோ சமையற்காரராகவோ சுரங்கத்திலோ, தயவுசெய்து கீழே எழுதுங்கள். நீங்கள் கண்டதை எமது பிள்ளைகளும் அறியட்டும்.

ஹலாலான உழைப்பிலும் நேர்மையான கணக்கிலும் அல்லாஹ் எமக்கு பரகத் செய்வானாக. ஆமீன்.